முதல் மாணவனின் சிறுநீர்

சான் பாஸ்குவால் ஊரின் சர்க்கரை நோயாளிகள் சங்கத்துக்கு 'இனிப்பான நம்பிக்கை' என்று பெயர் வைத்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை. அவரும் சர்க்கரையில்தான் போய்ச் சேர்ந்தார் என்பது மட்டும் நினைவிருக்கிறது. சங்கத்துக்கு இருபத்து நான்கு உறுப்பினர்கள், ஒரு கொடி, ஓர் எடைக்கருவி, ஒரு தலைவி. தலைவி தோன்யா நெல்மி உக் சான், ஐம்பத்தெட்டு வயது. அந்த ஊரில் பெரியவர்களை ஆணானால் தோன், பெண்ணானால் தோன்யா என்று மரியாதையாகச் சொல்வார்கள். சுகாதார நிலைய வாசலுக்கு நேர் எதிரே பனூச்சோ கடை வைத்திருந்தாள். அவரைக் கூழ் அடைத்து எண்ணெயில் பொரித்த சோள அடைதான் பனூச்சோ. எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்று உள்ளே ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு வருகிறவர்களுக்கு வாசலைத் தாண்டியதும் பசிக்கும் என்பது அவளுடைய தொழில் ரகசியம்.

செவ்வாய்க்கிழமைகளில் உறுப்பினர்கள் நிலையத்தின் முற்றத்தில் ஆளுக்கு இரண்டு தண்ணீர் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு நடனமாடுவார்கள். வருஷத்துக்கு ஒரு முறை பரீட்சை. நர்ஸ் ரூபி விரலில் குத்துவாள், இடுப்பை அளப்பாள், மார்க் போடுவாள். பத்தில் எட்டுப் பேர் தேறினால் சங்கத்துக்குத் தரச்சான்று. தரச்சான்று பெற்ற சங்கத்துக்குத்தான் சர்க்கரை பார்க்கும் பட்டைகள் ஒரு வருஷத்துக்கு இலவசம். தேறாத சங்கத்துக்குக் கிடையாது. காரணத்தை நிறுவனமே சுற்றறிக்கையில் விளக்கியிருந்தது: கட்டுப்பாடு இல்லாதவர்கள் கையில் பட்டையைக் கொடுத்தால் அது கெட்ட எண்களைத்தான் காட்டும், கெட்ட எண்களை உற்பத்தி செய்வது நிறுவனத்தின் நோக்கமல்ல.

ஆகவே பரீட்சைக்கு மூன்று நாள் முன்பிருந்து சங்கமே சப்பாத்திக்கள்ளியை வேகவைத்துத் தின்னும். பரீட்சை முடிந்த மாலை சங்கமே நெல்மியின் கடை வாசலில் நிற்கும்.

வருஷம் முழுக்க எண் மாறாத ஒரே ஆள் தோன் எர்மிலோ பேச். மூன்று சக்கர மிதிவண்டியில் ஆள் ஏற்றிப் பிழைப்பவர். பத்தொன்பது வருஷச் சர்க்கரை, கொடிக்கம்பம் மாதிரி உடம்பு. நெல்மியின் மகளுக்கு ஞானஸ்நானத் தந்தை அவர்தான். அதனால் அவளுக்கு அவர் கொம்பாத்ரே, அவருக்கு அவள் கொமாத்ரே. கூடப் பிறந்தவர்களோடு சண்டை போடலாம். இந்த உறவோடு போட முடியாது. பரீட்சை நாளில் நர்ஸ் ரூபி அவர் விரலைக் குத்திவிட்டு மற்றவர்களைத் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வையை உறுப்பினர்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே அனுபவித்திருந்தார்கள்.

அந்த மார்ச் மாதம் மெரிதா நகரத்திலிருந்து லிசென்சியாதோ ரிவாஸ் வந்தார். பட்டம் பெற்ற எவரையும் லிசென்சியாதோ என்றுதான் கூப்பிட வேண்டும். என்ன பட்டம் என்று கேட்கக் கூடாது. அவர் சிறுநீரக முன்னறிதல் நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர். பின்னாலேயே வேனில் பனிப்பெட்டியும் இருபத்து நான்கு குப்பிகளும் வந்தன. வெயிலில் உறுப்பினர்களை உட்கார வைத்து, நிழலில் நின்று பேசினார்.

"சிறுநீரகம் ஓர் அடக்கமான உறுப்பு. கெட்டுப்போனாலும் சொல்லாது. மனுப் போடாது. வரிசையில் நிற்காது. பத்து வருஷம் சும்மா இருந்துவிட்டு ஒரு நாள் வேலையை விட்டுவிடும். இனி அதற்கு இடமில்லை. ஒரு குப்பிச் சிறுநீரில் பதினொரு புரதங்களை எங்கள் இயந்திரம் எண்ணும். நோய் முற்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும். மனிதர் பொய் சொல்வார், சிறுநீர் சொல்லாது. ஆகவே இன்று முதல் நாங்கள் மனிதரைக் கேட்பதை நிறுத்திக்கொள்கிறோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். காலையில் முதலில் போகும் சிறுநீர், ஆளுக்கு முப்பது மில்லி, நாளை மறுநாள் எட்டு மணிக்குள்.

அன்று மாலை கடைக்குப் பின்னால் அவசரக் கூட்டம் நடந்தது.

"பதினொரு புரதமாம். எத்தனை எடுத்தா பாஸு?" என்றார் கசாப்புக்கடை தோன் துல்யோ.

"அத யாரும் சொல்லலையே."

"போன வருஷம் ரெண்டு பேரால தரச்சான்று போச்சு. இந்த வருஷமும் பட்டை வரலைன்னா நான் எறும்பு மொய்க்குதான்னு பார்த்துத்தான் மருந்து போட்டுக்கணும்."

அவர்களுடைய ஆயுளில் அந்த நிலையத்தில் நடந்த எந்தச் சோதனையும் பரீட்சையாகத்தான் இருந்திருக்கிறது. நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவும் ஒரு சோதனை நடக்கக்கூடும் என்பது இருபத்து நான்கு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"பள்ளிக்கூடத்துல என்ன பண்ணுவோம்?" என்றாள் நெல்மி. "நல்லாப் படிக்கிறவன் பக்கத்துல உக்காருவோம்."

எல்லோரும் எர்மிலோவைப் பார்த்தார்கள். எர்மிலோ தம் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

"எல்லாருக்குமா?"

"ஆளுக்கு முப்பது மில்லிதான் கொம்பாத்ரே. மொத்தமா ஒரு கோலா பாட்டிலுக்குக் கொஞ்சம் மேல. ரெண்டு காலையில முடிஞ்சிரும்."

"எனக்கு ஒண்ணுமில்ல. பெருமையாக்கூட இருக்கு," என்றார் எர்மிலோ. அவரை அதுவரை யாரும் காப்பியடித்ததில்லை.

சோளக் கதிரின் நாரைப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை ஜாடி ஜாடியாகக் குடிக்கக் கொடுத்தார்கள். முதல் நாள் விளைச்சல் நெல்மியின் பிரிட்ஜில், ஊறவைத்த சிவப்பு வெங்காயத்துக்கு அடுத்த தட்டில், துணி போட்டு மூடி இருந்தது. இரண்டாம் நாள் காலை நெல்மி இரண்டு நாளையதையும் ஒன்றாகக் கலந்து, புனலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு குப்பியாக ஊற்றினாள். இருபத்து மூன்று நிறைந்தன. இருபத்து நான்காவது, எர்மிலோவின் சொந்தக் குப்பி. அவர் கொல்லைக்குப் போய்விட்டு நீண்ட நேரம் கழித்து வெறும் குப்பியோடு வந்தார்.

"இல்ல கொமாத்ரே. வறண்டு போச்சு."

மணி ஏழே முக்கால். எர்மிலோவின் மனைவி லாந்தி வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"எனக்குச் சர்க்கரையும் இல்ல, ஒரு எழவும் இல்ல. நான் எதுக்கு?"

"அதனாலதான் தோன்யா, உங்களோடது வேணும்," என்றார் துல்யோ.

லாந்தி குப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

மூன்று மாதம் கழித்து முடிவோடு லிசென்சியாதோவும் ஒரு மேளக் கோஷ்டியும் வந்து இறங்கினார்கள். இருபத்து மூன்று பேருக்குச் சிவப்பு. பதினொரு புரதங்களும் எல்லை தாண்டியிருந்தன.

"இதற்கு முன் எங்கள் இயந்திரம் ஒரே ஊரில் ஆளுக்கு ஒரு முடிவு சொல்லிக்கொண்டிருந்தது," என்றார் அவர். "இயந்திரத்தை நம்ப முடியாது என்று விஷமிகள் பேசினார்கள். சான் பாஸ்குவால் அவர்கள் வாயை அடைத்துவிட்டது. இருபத்து மூன்று பேர், மூன்றாவது தசமம் வரை ஒரே எண். இத்தனை ஒழுங்கான நோயை நான் எங்கும் பார்த்ததில்லை. நீங்கள் நிறுவனத்துக்குச் செய்திருக்கும் உதவியை உங்களில் எத்தனை பேர் இருந்து பார்ப்பீர்கள் என்று தெரியாது. நாங்கள் மறக்க மாட்டோம்."

பிறகு பச்சையாக வந்த ஒரே ஒருவரை மேடைக்கு அழைத்துக் கழுத்தில் பதக்கம் மாட்டினார். எர்மிலோ கூச்சத்தோடு சிரித்தார். மேளம் அடித்தார்கள். நெல்மி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இருபத்து மூன்று என்ற எண்ணையே மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாலு வரிசை தள்ளி லாந்தி கைதட்டுவதை நிறுத்தியிருந்தாள். அவளும் நெல்மியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே சுவரொட்டி வந்தது. மூன்று சக்கர வண்டியின் மேல் பதக்கத்தோடு எர்மிலோ. கீழே பெரிய எழுத்தில்: எர்மிலோவைப் போல் இருங்கள்.

சுவரொட்டி ஒட்டி இரண்டு நாள் கழித்து அவர் கடைக்கு வந்தார். ஒரு பனூச்சோ கேட்டார்.

"கொமாத்ரே, ஒண்ணு கேக்கணும். மூத்திரம் போனா பீர் ஊத்தின மாதிரி நுரைக்குது."

"எவ்ளோ நாளா?"

"குப்பி குடுக்கறதுக்கு முன்னாலேருந்தே. நர்ஸம்மா விரலக் குத்தி சபாஷ் சபாஷ்னு சொல்லுதே, சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்." கொஞ்சம் மென்றார். "அந்த இருபத்து மூணும் நான்தானே?"

"ஆமா கொம்பாத்ரே."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் வெங்காயம் வைக்கச் சொன்னார்.

மெரிதாவில் நிறுவனத்தின் கட்டடம் ஐந்து மாடி. நெல்மியையும் எர்மிலோவையும் லிசென்சியாதோ எழுந்து நின்று வரவேற்றார். முன்மாதிரி நோயாளி நேரில் வந்ததில் அவருக்கு மகிழ்ச்சி. நெல்மி உட்காரவில்லை.

"அய்யா, இருபத்து மூணு குப்பியும் இவரோடதுதான். நான்தான் ஊத்தினேன், இந்தக் கையால. எங்களோடது எதுவுமே அதுல இல்ல."

அவர் இரக்கத்தோடு சிரித்து, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்துக் கொடுத்தார். 'மறுப்பு: நோயின் முதல் கட்டம்.' அட்டையில் ஒரு பெண் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"நோய் இருக்குன்னு சொன்னதும் நோயாளி என்ன சொல்வாங்க? இது என்னோடது இல்லைன்னு சொல்வாங்க. படத்தோட போட்டிருக்கோம்மா."

"நெஜமாவே என்னோடது இல்லைங்க."

"மூணாம் பக்கம். அதே வார்த்தை இருக்கும், பாருங்க."

நெல்மி பார்த்தாள். இருந்தது.

"அவங்களை விடுங்க," என்றார் எர்மிலோ. "எனக்கு ஒரு குப்பி குடுங்க. இங்கயே, உங்க ஆள் ஒருத்தர் பக்கத்துல நிக்கட்டும்."

"நீங்க பச்சை."

"ஆமாங்க."

"பச்சைக்கு அஞ்சு வருஷத்துக்குக் குப்பி கிடையாது. நல்லா இருக்கிறவங்களத் திரும்பத் திரும்பச் சோதிச்சா என்ன ஆகும்? அவங்கள்ல சிலபேர் நல்லா இல்லாமப் போயிடுவாங்க. அனுபவத்துல சொல்றேன்."

"கால் வீங்குதுங்க."

"கால் எங்க துறை இல்ல."

"வெளிய ஒரு லேப்ல ரத்தம் குடுத்தேன். கிட்னி பாதிதான் வேலை செய்யுதுன்னு எழுதிக் குடுத்தாங்க."

லிசென்சியாதோ அந்தத் தாளை நுனிவிரலால் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். "நம்ம முத்திரை இல்லையே." திருப்பிக் கொடுத்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். இப்போது அவர் சிரிக்கவில்லை. குரல் முன்பைவிட மெதுவாக இருந்தது.

"தோன் எர்மிலோ, நான் உங்களுக்கு நல்லவன். நீங்க ரெண்டு பேரும் சொல்றது பொய்னா அதுக்குப் பேரு மறுப்பு. மருந்து உண்டு, எல்லாருக்கும் உண்டு. உண்மைன்னா, குப்பி கூட்டரசோட சொத்து. இருபத்து மூணு சொத்துல வேற ஆளோட பொருள ஊத்தினதா ஆகும். சங்கம் கலையும். பட்டை நிக்கும். மாத்திரை நிக்கும். எங்க இயந்திரம் எட்டு நாட்டுல போய் நிக்குது, உங்க ஊர் எண்ணைக் காட்டித்தான் வாங்கினாங்க. அதையெல்லாம் யார் திருப்பிக் கொண்டு வர்றது? உண்மையா பொய்யா, நீங்களே சொல்லுங்க. எழுதிக்கறேன்."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார். நெல்மி எர்மிலோவைப் பார்த்தாள். எர்மிலோ தம் செருப்பைப் பார்த்தார்.

"பொய்னே வச்சுக்குங்க," என்றார்.

போகும்போது லிசென்சியாதோ அவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

அதன்பின் மாத்திரைக்குப் பஞ்சமில்லை. இருபத்து மூன்று வீட்டுக்கும் மாதா மாதம் பெட்டி வந்தது; எல்லாம் எர்மிலோவின் வண்டியில் ஏறி அவர் வீட்டில் குவிந்தது. எதை எத்தனை போடுவது, எப்போது நிறுத்துவது என்று சொல்லத்தான் ஆளில்லை. சிறுநீரக நிபுணர் சிவப்பை மட்டும்தான் பார்ப்பார். ஆகவே நெல்மி போனாள். எர்மிலோவின் உபாதைகளை மனப்பாடம் செய்துகொண்டு போய் அங்கே ஒப்பித்தாள்.

"காலையில குமட்டுதுங்க. கால் வீங்குது. மிதிச்சா மூச்சு வாங்குது."

"எதை மிதிச்சா?"

"மாவு மிதிச்சா," என்றாள் நெல்மி.

நிபுணர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் எழுதினார். அவள் அதைக் கொண்டுபோய் லாந்தியிடம் கொடுத்தாள். இரண்டு வருஷம் இப்படிச் சொல்லிச் சொல்லி, காலையில் வருகிற குமட்டல் அவருடையதா தன்னுடையதா என்று சில நாள் அவளுக்கே சந்தேகம் வந்தது.

உப்பில்லாத சாப்பாடும் மெரிதா பஸ்ஸும் மற்றவர்களுக்கு அலுத்துவிட்டன. மறுசோதனைக்குக் குப்பி வந்தபோது இருபத்திரண்டு பேரும் அவரவர் சொந்தச் சிறுநீரைக் கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் பச்சையோ மஞ்சளோ ஆனார்கள். நிறுவனம் இதை உலகின் முதல் கூட்டுக் குணமடைதல் என்று அறிவித்தது. அவர்களுடைய மாத்திரைகள் நின்றன.

குப்பி வந்த அன்று சாயங்காலம் லாந்தி நெல்மியின் வீட்டுக்கு வந்தாள். கையில் பூப்போட்ட துணியால் மூடிய ஒரு ஜாடி, கஞ்சி கொண்டு வருகிறவள் மாதிரி.

"கொமாத்ரே, உன் குப்பியை மட்டும் மாத்திடாத. நீ பச்சையானா அவரு போயிடுவாரு."

"உள்ள வை," என்றாள் நெல்மி.

ஆகவே இருபத்து மூன்று பேரில் அவள் ஒருத்திதான் தேறாமல் நின்றாள். ஒவ்வொரு சோதனையிலும் எண்கள் ஏறின. நிறுவனம் அவளுக்கு மூன்று எச்சரிக்கைக் கடிதங்கள் எழுதியது. தலைவிப் பதவி துல்யோவுக்குப் போனது. பிறகு இரண்டாவது சுவரொட்டி வந்தது: எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் நெல்மி, தலையில் வலை, கையில் கரண்டி. நெல்மியைப் போல் இருக்காதீர்கள். முதல் சுவரொட்டிக்குப் பக்கத்திலேயே ஒட்டினார்கள். கடையில் வியாபாரம் கொஞ்சம் கூடியது.

நான்காவது வருஷம் கடிதம் வரவில்லை, ஆம்புலன்ஸ் ஓட்டுநர் நேரில் வந்து தாளைக் கொடுத்தார். நெல்மி உக் சானின் சிறுநீரகங்கள் கடமையிலிருந்து விலகிவிட்டன. வயிற்றில் குழாய் வைத்து இரத்தத்தைச் சுத்தம் செய்யும் ஏற்பாடு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றோடு, துணைக்கு ஒருவர் மட்டும்.

எர்மிலோவின் வண்டி அதற்குள் ஆறு மாதமாகக் கொல்லையில் கிடந்தது. முகம் பழைய தாள் நிறத்துக்கு வந்திருந்தது. பாதி வாக்கியத்தில் தூங்கிப்போனார். லாந்தி அவருக்குச் சட்டை மாட்டிவிட்டு, நெல்மியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதான் போகணும். பேரு உன்னோடது, கையெழுத்து உன்னோடது."

மெரிதா ஆஸ்பத்திரியில் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் தாளைப் படித்தாள்.

"நெல்மி உக் சான்."

நெல்மி எர்மிலோவின் முதுகில் கைவைத்து மெல்லத் தள்ளினாள். அவர் எழுந்து நின்றார்.

"பெண். அறுபத்திரண்டு." அவள் நிமிர்ந்து பார்த்தாள். மீசையைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள். "பெண்ணா?"

"ஃபைல்ல அப்படித்தானே இருக்கு?" என்றாள் நெல்மி.

"ஃபைல்ல அப்படித்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

அந்தப் பெண்ணின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. எர்மிலோவின் மணிக்கட்டில் பெயர்ப் பட்டையைக் கட்டினாள். பேனாவை நீட்டினாள். அவர் இழுத்த கோடு தாளைத் தாண்டி மேசைக்குப் போனது.

"பழைய கையெழுத்தோட ஒத்துப்போகணும். இல்லைன்னா மெஷின் எடுக்காது."

"நான் போடறேன். நாலு வருஷமா நான்தான் போடறேன்."

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"உறவு."

படிவத்தின் கடைசி வரியை நெல்மி படித்தாள். சிகிச்சையில் இறப்பு நேரிட்டால் சான்றிதழ் கோப்பில் உள்ள பெயருக்கே வழங்கப்படும். அதன்பின் அப்பெயருக்குரியவர் நிறுவனத்தில் எந்தச் சேவையும் கோர இயலாது. அவள் இரண்டு முறை படித்தாள். பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள்.

"இதுல திருத்தம் எதுவும் பண்ண முடியுமா?"

"செத்தப்புறமா? அதுக்குச் செத்தவங்களே நேர்ல வந்து மனு குடுக்கணும்."

நெல்மி கையெழுத்துப் போட்டாள். அச்சுக் குத்தினாற்போல் ஒத்துப்போனது.

நடைவழியில் அவள் தள்ளுகட்டிலோடு கூடவே நடந்தாள். தள்ளுகிறவர் நடுத்தர வயதுக்காரர், நல்ல மனுஷர், பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். அறுவை அறைக் கதவுக்குப் பக்கத்தில் அந்தச் சுவரொட்டி இருந்தது. ஓரம் சுருண்டு, பதக்கம் வெளிறி.

"இந்த மனுஷரப் பாருங்கம்மா," என்றார் அவர் எர்மிலோவிடம். "சொன்ன பேச்சைக் கேட்டாரு, எப்படி இருக்காரு பாருங்க. நீங்களும் அப்பவே கேட்டிருந்தா இங்க வந்திருக்க வேணாம்."

எர்மிலோ தலையைத் திருப்பிச் சுவரொட்டியை வெகுநேரம் பார்த்தார்.

"குடுத்து வச்சவரு," என்றார்.

கதவு மூடிக்கொண்டது.

நெல்மி வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு ஆனது. செருப்பு வார் உறுத்தியதால் கழற்றிவிட்டாள். புறங்காலில் வார் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது. கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேலே அழுத்திப் பார்த்தாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது, பிசைந்த மாவில் நிற்கிற மாதிரி. இந்த நாலு வருஷத்தில் நெல்மி உக் சான் என்று எழுதிய குப்பிகள் பதினேழு போயிருந்தன. அவளுடைய சிறுநீர் ஒன்றில்கூட இருந்ததில்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"நெல்மி உக் சானின் உறவினர் உள்ளே வரவும்."

கூடத்தில் யாரும் அசையவில்லை. ஒலிபெருக்கி கொஞ்சம் காத்திருந்து, இன்னொரு முறை, இந்தத் தடவை மரியாதை கூட்டிச் சொன்னது.

நெல்மி செருப்பை மாட்டப் பார்த்தாள். ஏறவில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, தனக்கு என்ன ஆயிற்று என்று கேட்க உள்ளே போனாள்.